ஆயம்மா உள்ளே வருகிறார்

தையல் ஹாலுக்குள் குழந்தையைக் கொண்டுவரக் கூடாது என்பது எங்கள் கார்மென்ட்ஸ் தொழிற்சாலையின் விதி. ஊசியும் கத்தரியும் ஒயரும் கிடக்கிற இடம், நியாயமான விதிதான். வாசலில் பலகையே மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்கு அடியில் நுழைந்து, இடுப்பில் ஒரு குழந்தையோடு, யாரையும் பார்க்காமல் நேராக நடந்து வருவார் அவர்.

அவருக்குப் பெயர் உண்டு. ஆனால் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழர், கன்னடக்காரர், சூப்பர்வைசர், செக்யூரிட்டி எல்லோருக்கும் அவர் ஆயம்மாதான். நானும் அப்படியே சொல்கிறேன்.

மைசூரில் ரிங் ரோட்டை ஒட்டியிருந்த அந்தத் தொழிற்சாலையின் கிரஷில், அதாவது வேலைக்கு வரும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் அறையில், நாங்கள் இரண்டு பேர். அவர் பெரிய ஆயா, நான் சின்ன ஆயா. வயதில் பெரிய வித்தியாசம் இல்லை, வாயில்தான் வித்தியாசம். எனக்குப் பேச்சு வராது. பத்தாவதோடு நின்றவள். நாலு பேர் நின்று பேசுகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு போகிற ரகம். குழந்தைகளோடு இருந்தால் பெரியவர்களிடம் பேசவேண்டியதில்லை என்றுதான் அந்த வேலையில் சேர்ந்தேன். போய்ச் சேர்ந்தது அவர் பக்கத்தில்.

காய்ச்சல் இருக்கும் குழந்தையைச் சேர்க்கக் கூடாது என்று எங்களுக்கு உத்தரவு. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் பரவும். அம்மாக்களுக்கும் இது தெரியும். அதனால் காய்ச்சல் குழந்தைக்கு வீட்டிலேயே சிரப் ஊற்றித் தூக்கி வந்துவிடுவார்கள். கம்பெனி பஸ் கேட்டுக்கு வந்து சேர்வதற்குள் உடம்பு குளிர்ந்திருக்கும். நெற்றியைத் தொட்டால் ஒன்றும் தெரியாது. டீ நேரம் வரை தாங்கும். பிறகு மறுபடி சுட ஆரம்பிக்கும்.

ஆயம்மா நெற்றியைத் தொடவே மாட்டார். குழந்தையை வாங்கிக் கொஞ்சுகிற மாதிரி அதன் வாய்க்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோவார். சிரப்பின் பழவாசம் அங்கே தங்கியிருக்கும்.

"ஏங்கண்ணு, காலங்காத்தால ஸ்ட்ராபெரி சாப்பிட்டீங்களா? பணக்கார ஊட்டுப் புள்ளையாட்ட?"

கேட்பது குழந்தையிடம். முகம் வெளுப்பது அம்மாவுக்கு.

"இல்லீங் ஆயம்மா, சாக்லேட்டு கேட்டுச்சு, அதான்..."

"செரி செரி. சாக்லேட்டு எறங்குனதும் வாரேன். நீ போ, மணி அடிக்கப் போவுது."

திருப்பி அனுப்பமாட்டார். அனுப்பினால் அன்றைய சம்பளம் போகும், லீவு போடாமல் வந்தால் கொடுக்கிற போனஸும் போகும் என்று அவருக்குத் தெரியும். குழந்தையைத் தனியாக ஓரத்தில் படுக்கவைத்து, மற்றதையெல்லாம் என்னிடம் தள்ளிவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். சுட ஆரம்பித்ததும் எழுந்து முந்தானையை இடுப்பில் செருகுவார். உள்ளே போகப்போகிறார் என்று அர்த்தம்.

கிரஷுக்கும் தையல் ஹாலுக்கும் நடுவில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருந்தது. அதன் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். யாராவது ஒருத்தி நிமிர்ந்து பார்த்து, "ஆயம்மா" என்பாள். அவ்வளவுதான். வரிசையாகத் தலைகள் குனியும். கிரஷில் குழந்தையை விட்டிருக்கிற எவளும் நிமிரமாட்டாள். ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பாள். தன்னைத் தாண்டி அவர் போனதும்தான் மூச்சு விடுவாள். அப்போது அந்த முகங்களில் தெரிகிற நிம்மதியை என்னால் பார்க்க முடியாது. வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அதற்குள் அடுத்த வரிசையில் யாரோ ஒருத்தியின் மடியில் குழந்தை இறங்கியிருக்கும்.

"ஏனம்மா இது, ஃபேக்டரியா, சந்தையா?" என்று மஞ்சு ஓடி வருவார். மஞ்சு அந்த வரிசைகளின் சூப்பர்வைசர். மைசூர்க்காரர். எங்களிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர்.

"சந்தைன்னா வெலை பேசலாமுங்க சார். இங்க எங்க பேச உடறீங்க? புள்ளைக்கு ஜொரம். இவள அனுப்புங்க."

"டார்கெட் யாரு கொடுப்பாங்க?"

"நாளைக்குக் குடுப்பா. ஜொரம் நாளைக்கு வரட்டும்னா வருமுங்களா?"

மஞ்சு தலையில் கை வைத்துக்கொண்டு கேட் பாஸ் எழுதுவார். அந்தப் பெண் அழுதுகொண்டோ ஆயம்மாவை முறைத்துக்கொண்டோ குழந்தையோடு வீட்டுக்குப் போவாள்.

அவரை எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஒருநாள் கேன்டீனில் ஒருத்தி அவர் காதில் விழும்படியே சொன்னாள்: "எமன் வர்ற மாதிரி வருது. கொஞ்ச நேரம் தானே வெச்சுக்கிட்டா என்னவாம்? சம்பளம் எதுக்கு வாங்குது?"

ஆயம்மா தட்டோடு திரும்பி அவள் எதிரிலேயே போய் உட்கார்ந்தார். ஏதோ சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். "உன் கொழம்பு நல்லா வாசமா இருக்குது, கொஞ்சம் ஊத்து" என்றார். அவளும் ஊற்றினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும்போதுதான், "உன் புள்ளைக்கி ஜொரம் வந்தாலும் தூக்கிட்டு வருவேன், திட்டிக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு ஒரு குழந்தை இருந்து செத்துப்போயிருக்கும், அதனால்தான் இப்படி என்று புதிதாகச் சேர்கிறவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. ஒரே மகன், ஸ்கூல் வேன் ஓட்டுகிறான், தூண் மாதிரி இருப்பான். ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மா ஆக்கியதையெல்லாம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவான். "அவனுக்கு ஜொரம் வந்தா தெர்மாமீட்டரே ஒடஞ்சிரும்" என்பார். ஆயம்மா தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி மைசூர் வந்தவர். முன்பு வேறு ஒரு கார்மென்ட்ஸில் தைத்துக்கொண்டிருந்தாராம். முதுகுவலி வந்ததும் தையலை விட்டு இங்கே ஆயாவாகச் சேர்ந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

இஸ்திரி பிரிவில் குமார் என்று ஒருவர். அவருடைய மனைவிக்குத் தேவராஜ மொஹல்லாவில் ஒரு துணிக்கடையில் வேலை. கடையில் குழந்தையை வைத்துக்கொள்ள இடமில்லை என்று பையனைக் குமார்தான் எங்களிடம் கொண்டுவந்து விடுவார். ஒருநாள் அந்தப் பையனுக்குச் சுட்டது. ஆயம்மா இஸ்திரி பிரிவுக்கே போய்விட்டார். ஆவிப் புகைக்கு நடுவில் ஆண்கள் எல்லோரும் பெட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"குமாரண்ணா, போய்ப் பால் குடு" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு.

குமாருக்கு முகம் கறுத்துவிட்டது. "ஆம்பளைக்கெல்லாம் இதுக்கு லீவு கேக்க முடியுமா ஆயம்மா? அவளுக்குப் போன் பண்றேன், அவ வருவா."

"அவ கடையில மட்டும் லீவ வெத்தலபாக்கு வெச்சுக் குடுக்கறாங்களா? புள்ளைய ரெண்டு பேருந்தானே பெத்தீங்க. இந்தா, புடி. தோள்ல போடு. ஆங், அப்படித்தான்." பிறகு சிரித்தவனைப் பார்த்து, "உனக்கும் பொறக்குமல்ல, அன்னைக்கு வாரேன்" என்றார்.

குமார் தலையைக் குனிந்தபடி பையனைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கையால் பையன் தலையில் துண்டைப் போர்த்தினார். ஒரு ஆண் பட்டப்பகலில் அப்படிப் போவதை அங்கே அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

சங்கீதா சேர்ந்தது அதற்கப்புறம். கோபிநத்தம் பெண். புருஷன் சென்ட்ரிங் வேலைக்குக் கேரளா போயிருந்தான். மேட்டகள்ளியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் அவளும் ஹரிணியும்தான். ஹரிணிக்கு இரண்டு வயது இருக்கும். சங்கீதாவுக்குச் சட்டைக்குக் கை வைக்கிற மெஷின். இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. ஹரிணிக்குச் சளி பிடித்து ஏற்கெனவே லீவு போட்டிருந்தாள். இன்னொரு லீவு போட்டால் வரவே வேண்டாம் என்று மஞ்சு சொல்லிவிட்டார். அவரும் மேலே இருந்து சொன்னதைத்தான் சொன்னார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆயம்மா ஹரிணியை வாங்கி மோந்து பார்த்தார். வழக்கமான கேலி வரவில்லை. குழந்தையின் கண் சொருகியிருந்தது. சங்கீதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு மட்டும் தூக்கிட்டு உள்ள வந்துராதீங்க ஆயம்மா. ஷிப்மென்ட் இருக்குது. வந்தீங்கன்னா என் வேலை போயிரும். ரூம் வாடகைக்கு நான் எங்க போவேன்? சாயங்காலம் டாக்டருகிட்டக் காட்டிக்கறேன். கால்ல உழுறேன்."

"மணி அடிக்குது, போ" என்று மட்டும் சொன்னார் ஆயம்மா.

டீ நேரத்துக்கு முன்னாலேயே சுட ஆரம்பித்துவிட்டது. ஆயம்மா ஈரத்துணி போட்டார், ஸ்பூனால் தண்ணீர் கொடுத்தார். குழந்தை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. எடுத்துக்கொண்டு நடந்தார், கீழே விட்டார், மறுபடி எடுத்தார். முந்தானையைச் செருகினார். எடுத்துவிட்டார். அவர் அப்படித் தடுமாறி நான் பார்த்ததே இல்லை.

"நீ என்ன சொல்றே?" என்று என்னிடம் கேட்டார்.

போனால் அவள் வேலை போகும். போகாவிட்டால் இந்தக் குழந்தை இப்படியே கிடக்கும். ஹரிணியின் காலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

முந்தானையைச் செருகிக்கொண்டு போய்விட்டார். நான் ஜன்னலுக்கு ஓடினேன். தலைகள் குனிந்தன. சங்கீதா மட்டும் குனியவில்லை. அவர் நேராகத் தன்னிடம்தான் வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. பால் பாட்டிலைக் கொடுக்கிற சாக்கில் நானும் உள்ளே போனேன்.

"எந்திரி" என்றார் ஆயம்மா.

"சொன்னேனே ஆயம்மா. கால்ல உழுந்து சொன்னேனே."

"எந்திரி கண்ணு. ஊட்டுக்குப் போகச் சொல்லல. இங்கயே கீழ உக்காரு. புள்ளைய மடியில போட்டுக்கோ. உன் மெஷின நான் பாத்துக்கறேன்."

எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். ஆயம்மா ஸ்டூலில் உட்கார்ந்தார், மிதியில் காலை வைத்துப் பார்த்தார், வெட்டிய துணிக் கட்டைப் பிரித்து முதல் கையை வைத்து ஓட்டினார். மெஷின் சத்தம் வந்ததும் மஞ்சு ஓடி வந்தார்.

"ஏனம்மா, நீ எதுக்கு இங்கே?"

"பீஸ் வருதுங்களா இல்லைங்களா?"

மஞ்சு பார்த்தார். பீஸ் வந்துகொண்டிருந்தது. ஷிப்மென்ட் நாள். கீழே சங்கீதாவின் மடியில் ஹரிணியைப் பார்த்தார். "நான் பாக்கலே" என்று கன்னடத்தில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போய்விட்டார்.

அன்று முழுவதும் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின்களுக்குக் கீழே, வெட்டுத் துணிக் குவியலுக்குப் பக்கத்தில், சங்கீதா உட்கார்ந்திருந்தாள். முன் மெஷின்காரி காலர் துணியின் துண்டு ஒன்றை நனைத்துக் கொடுத்தாள். பின் மெஷின்காரி தன் மோரைக் கொடுத்தாள். அம்மா கொடுத்ததும் ஹரிணி குடித்தது. மத்தியானம் வியர்த்துத் தூங்கியது. ஆயம்மா முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டே இருந்தார்.

தப்பு சாயங்காலம்தான் தெரிந்தது.

சட்டையின் கைக்கு முன்பக்கம் வேறு, பின்பக்கம் வேறு. எது எந்தப் பக்கம் என்று தெரிய, துணி வெட்டும்போதே ஓரத்தில் சின்னதாக வெட்டுப் போடுவார்கள். எங்கள் தொழிற்சாலையில் இரட்டை வெட்டு இருந்தால் அது பின்பக்கம். ஆயம்மா முன்பு வேலை பார்த்த இடத்தில் இரட்டை வெட்டுதான் முன்பக்கமாம். பழைய பழக்கத்தில் அப்படியே வைத்துத் தள்ளிவிட்டார். இடது கை வலது பக்கம், வலது கை இடது பக்கம். அந்த வரிசையில் பீஸைச் சோதிக்கிற பெண்ணின் தலையில் அன்று இன்னொரு வரிசையையும் கட்டியிருந்தார்கள். அங்கே இருந்தவள் மாமியாருக்கு ஆபரேஷன் என்று வரவில்லை. அதனால் யாரும் கவனிக்கவில்லை.

மஞ்சு ஒரு சட்டையை எடுத்துத் தானே போட்டுக்கொண்டார். தோள் இரண்டும் பின்னால் இழுத்துக்கொண்டு, நெஞ்சு முன்னால் தள்ளி நின்றது.

"நல்லாத்தான் இருக்குது சார், பரேடுக்கு நிக்கற மாதிரி" என்றாள் ஒருத்தி. வரிசையே சிரித்தது. பிறகு குவியலைப் பார்த்தார்கள். சிரிப்பு நின்றுவிட்டது.

எச்.ஆர். மேடம் வந்தார். கண்ணாடி போட்ட, சத்தம் போடாத பெண். "யாரோட மெஷின் இது?"

சங்கீதா குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"மெஷின் அவளுது, தப்பு என்னுதுங்க" என்றார் ஆயம்மா. நடந்ததை மறைக்காமல் சொன்னார். மேடம் கேட்டுவிட்டு, "இன்னைக்கே பிரிச்சு எல்லாத்தையும் சரி பண்ணணும். நாளைக்கு சங்கீதா வந்தே ஆகணும். வரலைன்னா வேற ஆள் பார்த்துக்குவோம்" என்றார்.

எல்லோரும் உட்கார்ந்து பிரித்தார்கள். திட்டிக்கொண்டேதான் பிரித்தார்கள். "வாய் மட்டும் நீளம், கண்ணு தெரியல" என்றார்கள். ஆயம்மா தலையாட்டிக்கொண்டே பிரித்தார். ஒரே ஒரு தடவை என்னிடம், "நான் தெச்சதுல ஒன்னாவது நேரா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

வேலை முடிந்து டாக்டரிடம் காட்டினார்கள். குழந்தையைச் சில நாள் வெளியே எடுக்காமல் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர்.

மறுநாள் காலையில் ஆயம்மா ஆபீசுக்குப் போய்த் தன்னுடைய சம்பள லீவைச் சங்கீதா பேருக்கு மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கேட்டார். ஒருவர் லீவை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்றார்கள். "என் லீவுதானுங்களே, நான் யாருக்குக் குடுத்தா என்ன?" என்று கேட்டுப் பார்த்துவிட்டு, அந்த லீவைத் தானே எடுத்துக்கொண்டு மேட்டகள்ளி போனார். சங்கீதா வேலைக்கு வந்தாள். வேலை தப்பியது. நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

அடுத்த நாளும் அப்படியே. அன்று சாயங்காலம், ஆயம்மா நாளைக்காவது கிரஷுக்கு வருவாரா என்று கேட்க நான் சங்கீதாவோடு போனேன். அறைக் கதவு திறந்திருந்தது. பாயில் ஹரிணி வாசலைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தது. பின்னால் ஆயம்மா அதன் முதுகில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கஞ்சி கிண்ணத்தில் ஆறிக் கிடந்தது.

"காத்தால நீ போனதுலேர்ந்து இப்படித்தான் கண்ணு. அழுவல. அந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வெச்சேன். மறுபடி இந்தப் பக்கம் திரும்பிக்கிச்சு. தூங்கவே இல்ல."

சங்கீதா செருப்பைக் கழற்றாமலேயே போய்த் தூக்கினாள். குழந்தை ஒரு சத்தமும் போடவில்லை. அம்மாவின் கழுத்தில் முகத்தை வைத்தது, உடனே தூங்கிவிட்டது.

ஆயம்மா எழுந்து பாயை உதறினார். "என் லீவு வீணாப்போச்சு" என்றார்.

மறுநாள் காலையில் அவர் ஹரிணியை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராக ஆபீசுக்கு வந்தார். கிரஷ் கதவில் நின்றிருந்த என்னையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். "நீ ஒன்னும் பேச வேணாம். கூட நில்லு, போதும்."

"மேடம், ரெண்டு நாளா நான் லீவு போட்டுப் பாத்தேனுங்க. என்னால ஆவல. இது கதவையே பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. லீவு எனக்கு வேணாம். இவ அம்மாவுக்கு வேணும். சம்பளத்தோட."

"அப்படி ஒரு லீவே இல்லைம்மா. அவங்களுக்கு உடம்பு சரியில்லைன்னா இருக்கு. பிரசவத்துக்கு இருக்கு. குழந்தைக்குக் காய்ச்சல்னா இல்லை. நான் என்ன பண்ணட்டும்?"

"பெக்கறதுக்கு இருக்குது, வளக்கறதுக்கு இல்லீங்களா?"

மேடம் என்னைப் பார்த்தார். "நீங்க பார்த்தீங்களா? குழந்தை அப்படித்தான் இருந்ததா?"

"ஆமாங்க மேடம்" என்றேன். அந்த ஆபீசுக்குள் நான் முதன்முதலாகப் பேசியது அதுதான்.

மேடம் போனை எடுத்து மஞ்சுவிடம் பேசினார். குழந்தைக்குச் சரியாகிற வரை சங்கீதா வீட்டில் இருக்கலாம், வேலையிலிருந்து பெயரை எடுக்கமாட்டார்கள். சம்பளம் மட்டும் கிடையாது. அது தன் கையில் இல்லை என்றார்.

ஆயம்மா வெளியே வந்து, பலகைக்கு அடியில் நுழைந்து, ஹாலுக்குள் நடந்தார். தலைகள் குனிந்தன. சங்கீதாவிடம் போய்க் குழந்தையைக் கொடுத்தார்.

"எந்திரி. ஊட்டுக்குப் போ. புள்ளைக்கு நல்லானதும் வா. உன் மெஷின் இங்கயே இருக்கும்."

"நெசமாவா ஆயம்மா? சம்பளம்?"

"பாதிதான் குடுத்திருக்காங்க. மீதிப் பாதிக்கு நாளைக்குப் போறேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்த மீதிப் பாதி நான் அங்கே வேலை பார்த்தவரை வரவில்லை. ஆனால் மறுநாள் டீ நேரத்தில் அவர் முந்தானையைச் செருகினார். அன்று எந்தக் குழந்தைக்கும் காய்ச்சல் இல்லை. வெறும் கையோடு ஆபீஸ் பக்கம் நடந்தார். நான் அவர் பின்னாலேயே போய் வராந்தாவில் நின்றேன். அவர் வருவதைக் கண்ணாடிக் கதவு வழியாக மேடம் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார். பியூனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். பியூன் ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து மேசைக்கு முன்னால் போட்டான்.

எங்களைப் போன்றவர்கள் அந்த அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆயம்மா நாற்காலியைப் பார்த்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார், பேச ஆரம்பித்தார்.